மஞ்சள் காருக்குப் பூ கேட்டது

மழை பெய்தால்தான் அங்கமுத்து வீட்டில் கறி வேகும். இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. அவர் மனைவி தெய்வானையே என் கடையில் உளுந்து ஆட்டிக்கொண்டே சொல்வாள். மலேசியாவிலேயே மழைக்குப் பேர்போன தைப்பிங்கில் மழைக்கா பஞ்சம்? மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மலைப்பக்கம் கறுத்துவிடும். அப்புறம் நெடுஞ்சாலையில், பெராபிட் ஏற்றத்தில், எவனாவது சறுக்கிப்போய்த் தடுப்பில் இடித்திருப்பான். அங்கமுத்துவின் போன் அடிக்கும். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு இழுவை லாரியை எடுத்துக்கொண்டு பறப்பார். அந்தத் தொழிலில் முதலில் கொக்கி மாட்டியவனுக்குத்தான் வண்டி. இரண்டாவதாகப் போனவன் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

என் கடை எங்கள் தாமான் குடியிருப்பின் வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் இருக்கிறது. காலையில் தோசையும் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும், மத்தியானத்துக்கு மேல் வடையும் தேத்தண்ணியும். இழுவை லாரிக்காரர்கள் நாலைந்து பேர் அங்கேதான் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பயிருக்கு மழை பார்க்கிறவனைத் தெரியும், ஊரான் எலும்பு முறிய மழை பார்க்கிறவர்களை இங்கேதான் பார்க்கிறேன் என்று நான் வாயை விட்டால், "மரகதம், அந்த வடையில ஒன்ன எடுத்து ஒன் வாயில போட்டுக்க" என்பார் அங்கமுத்து.

கெட்ட மனிதர் இல்லை. அடிபட்டவர்களை ஆம்புலன்ஸ் வருமுன் தூக்கி உட்கார வைப்பார், தண்ணீர் கொடுப்பார், வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுப்பார். உயிர் போன வண்டியை இழுத்து வந்த நாளில் முன்வாசலால் வீட்டுக்குள் நுழைய மாட்டார். பின்புறக் குழாயடியில் தெய்வானை மஞ்சளும் எலுமிச்சையும் கலந்து ஒரு வாளித் தண்ணீர் வைத்திருப்பாள். தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போவார். அன்றைக்குக் கவிச்சி கிடையாது. "மனுசன் குளிச்சிட்டு வர்றாரு, காசு மட்டும் குளிக்காமலே உள்ள வந்துருது" என்று நான் ஒருமுறை கிண்டல் செய்தேன். தெய்வானை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அவர்களுக்கு ஒரே பையன், லோகேந்திரன். கமுந்திங் தொழிற்பேட்டையில் மின்சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலை. மோட்டார்சைக்கிளில் நனைந்துகொண்டே போவான், நனைந்துகொண்டே வருவான். ஒருநாள் சறுக்கி விழுந்து முழங்கை தேய்ந்து வந்ததிலிருந்து, நாலு சக்கரத்தில் ஏதாவது ஒன்று வாங்கு என்று தெய்வானை நச்சரிக்க ஆரம்பித்தாள். அவள் சொன்னது உள்ளூர்ச் சின்னக் கார். பையன் மனத்தில் இருந்தது வேறு.

ஒரு சனிக்கிழமை காலை அவனும் அவன் கூட்டாளி ரிஷியும் கடைக்கு வந்து போனை நீட்டினார்கள். ரிஷிகேசன் பக்கத்து வரிசை வீட்டுக் காந்திமதியின் மகன். அப்பா இல்லை. காந்திமதி பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவி வளர்த்த பிள்ளை. இரண்டு பேரும் ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிப்டு, ஒரே தட்டில் தோசை.

போனில் ஒரு மஞ்சள் கார். தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. ஜப்பான் வண்டி, பந்தயத்துக்கு ஓடுகிற ஜாதி, பழசுதான், ஆனாலும் சிம்பாங் சாலையில் இருக்கும் கடையில் பளபளவென்று நிற்கிறதாம்.

தெய்வானை கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "என்னடா, ரெண்டே கதவு? நானும் அப்பாவும் எங்க உக்கார்றது?"

"பின்னால சீட்டு இருக்கும்மா."

"இருக்கும் இருக்கும்," என்றேன் நான். "காலைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டா உக்காரலாம்."

ரிஷி விழுந்து விழுந்து சிரித்தான். அந்தப் பிள்ளைக்குச் சிரிக்க ஒரு சாக்குக் கிடைத்தால் போதும். லோகேந்திரன் சிரிக்கவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தான். அங்கமுத்து வழக்கமான பாட்டைப் பாடினார். சின்னக் கார் போதும், எண்ணெய் குறைவு, உதிரிப்பாகம் மலிவு, இந்த மாதிரி வண்டிகளை நான் எத்தனை இழுத்திருக்கிறேன் தெரியுமா என்றார்.

"தெரியும்பா," என்றான் பையன். "பொறந்ததுலேர்ந்து நம்ம வாசலுக்கு வந்ததெல்லாம் ஒடஞ்ச காடிதான். முன்னால இருந்தா பின்னால இருக்காது, கதவு இருந்தா கண்ணாடி இருக்காது. நான் வெளையாடுனது கூட ஒடஞ்ச ஸ்டேரிங்லதான். முழுசா ஒன்னு நம்ம வாசல்ல நிக்கணும்பா. அவ்ளதான்."

அங்கமுத்து தேத்தண்ணிக் கிளாசைக் கீழே வைத்தார். சரி, போய்ப் பார்ப்போம் என்று எழுந்தார். அவர் சரி என்றதும் பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆறு வயதில் என் கடையில் ஐஸ் வாங்கிக்கொண்டு ஓடுவானே, அதே முகம்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அங்கமுத்து வாயாலேயே தெரிந்தது. இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர் செய்த காரியம் யாருக்கும் விளங்காது.

சிம்பாங் கடையில் விற்பனைக்காரன் முன்மூடியைத் திறந்து பையனுக்கு இன்ஜினைக் காட்டிக்கொண்டிருந்தான். அங்கமுத்து காரைச் சுற்றிப் பின்பக்கம் போனார். பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் ஒரு கீறல் இருந்தது. திருப்புளி நழுவி இழுத்த கீறல். அந்தக் கீறலைப் போட்டதே அவர்தான்.

போன வருட மழைக்காலம். பெராபிட் ஏற்றத்தில் ஒரு வெள்ளைக் கார் லாரிக்கு அடியில் முகத்தைக் கொடுத்துவிட்டது. முன்பாதி அப்பளம், பின்பாதியில் பொட்டுச் சேதமில்லை. ஓட்டியவர் ஒரு பள்ளி ஆசிரியர், அங்கேயே முடிந்துவிட்டார். மறுநாள் அவர் மனைவி வந்து, பின்கண்ணாடி ஓரம் ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையாரை மட்டும் எடுத்துக் கொடுக்கச் சொல்லி அழுதார். பசை விடவில்லை. அங்கமுத்து திருப்புளியால் நெம்பித்தான் எடுத்துக் கொடுத்தார்.

இப்போது அந்த வெள்ளை, மஞ்சளாகியிருந்தது. இருக்கைக்குப் பின்னால் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார். குறுக்கே, இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை, பற்றவைத்த தழும்பு ஓடியது. மேலே புதுச் சாயம்.

பையனிடம் ஒன்றும் சொல்லாமல், யோசிப்போம் என்று கூட்டி வந்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலமே முதலாளி சதாசிவத்தைப் பார்க்கப் போனார். இழுவை லாரி அங்கமுத்துவினுடையது இல்லை, சதாசிவத்தினுடையது. இழுத்து வரும் வண்டியெல்லாம், ஒரு ராத்திரி அங்கமுத்து வாசலில் நின்றாலும், கடைசியில் அவர் பட்டறைக்குத்தான் போகும். ஒவ்வொரு வண்டிக்கும் அங்கமுத்துவுக்கு ஒரு பங்கு. முதலாளி அப்போது சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சிம்பாங் கடையில ஒரு மஞ்சக் காடி நிக்குதே, நம்ம பட்டறை ஒட்டா?"

"ஆமா. முன்பாதி ஜப்பான்லேர்ந்து வந்தது. பின்பாதி நீ பெராபிட்லேர்ந்து இழுத்தாந்தது, வாத்தியாரு வண்டி. ஏன், கிராக்கி இருக்கா?"

"எம் பையன் கேக்குறான்."

சதாசிவத்தின் கை தட்டிலேயே நின்றுவிட்டதாம். "வேணாய்யா. ஒம் பையனுக்கு அது வேணாம். நானே நல்லதா ஒன்னு பாத்துத் தர்றேன்."

"அப்ப வேற எவன் பையனுக்கு முதலாளி?"

"ஓடற வரைக்கும் ஓடும் அங்கமுத்து. எத்தனையோ ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. இத்தன வருசம் இந்தக் கேள்விய நீ கேக்கலையே, இன்னைக்கு என்ன புதுசா?"

அங்கமுத்து எழுந்து வந்துவிட்டார்.

பையனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் லோகேந்திரனுக்கு அப்பா என்றால் நடுரோட்டில் மழையில் நின்று ஊரார் உயிரைக் காப்பவர். செத்தவர்களின் வண்டியைப் பாதி பாதியாக விற்று வந்த பங்கில்தான் தன்னைப் படிக்க வைத்தார் என்று தெரிந்தால் அவன் என்ன செய்வான்? போலீசுக்குப் போவான். அவன் போகாவிட்டால் ரிஷி போவான், ஊருக்கே போனில் போட்டுவிடுவான். லாரி போய்விடும், வீட்டில் உலை வைக்க முடியாது. இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு மனுசன் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆத்தாளிடம் பூ கேட்டுப் பார்த்து வாங்கலாம் என்றார்.

நெடுஞ்சாலை போடுவதற்காக ரப்பர் தோட்டத்தை அழித்தபோது மிஞ்சியது எங்கள் மாரியம்மன் கோயில். கல்யாணமோ, வீடோ, வேலை மாற்றமோ, இங்கே பூ கேட்காமல் யாரும் செய்வதில்லை. வெற்றிலையில் இரண்டு பொட்டலம். ஒன்றில் சிவப்பு அரளி, ஒன்றில் வெள்ளை. சிவப்பு வந்தால் சம்மதம், வெள்ளை வந்தால் வேண்டாம். கேட்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். மற்றதைப் பிரிக்காமல் அப்படியே ஓடையில் விட்டுவிட வேண்டும். பிரித்துப் பார்த்தால் சாமியைச் சோதித்ததாகிவிடும். பூசாரி ஆறுமுகத்துக்குக் கண்புரை வந்து சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்ததிலிருந்து, பொட்டலம் கட்டுவது அங்கமுத்துதான். கோயில் கமிட்டியில் நம்பிக்கையான ஆள்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். தெய்வானை விளக்கு மாவு இடித்து வந்திருந்தாள். லோகேந்திரன் குளித்து, வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு நின்றான். ரிஷி பக்கத்தில் நின்று, "சேப்பு, சேப்பு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். காந்திமதி அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "சாமியையும் தன் டீம்ல சேக்குறான் பாரு" என்றாள்.

பையன் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். வலது பக்கப் பொட்டலத்தை எடுத்தான். பிரித்தான். வெள்ளை.

எந்தப் பொட்டலத்தை எடுத்திருந்தாலும் வெள்ளைதான். இரண்டிலும் வெள்ளையையே வைத்திருந்தார் அங்கமுத்து.

லோகேந்திரன் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தெய்வானையிடம் கொடுத்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்பன் பேச்சைக் கேட்பார்களோ என்னவோ, பூவைக் கேட்பார்கள். கோயில் மதிலோரம் மோட்டார்சைக்கிளில் போய் உட்கார்ந்து, தூறல் விழவும் எழுந்திருக்காமல் நனைந்துகொண்டிருந்தான். அங்கமுத்து ஓடைப் பக்கம் போய்ப் பிரிக்காத பொட்டலத்தைத் தண்ணீரில் விட்டார். அது கண்ணுக்கு மறையும்வரை அங்கேயே நின்றார். பையன் ஆசை போயிற்றே என்று வருந்துகிறார் என எடுத்துக்கொண்டேன். எனக்குக் கூட அவர் மேல் பாவமாக இருந்தது.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ரிஷி முடிய விடவில்லை. இரண்டு நாள் கழித்து என் கடையில் தோசையைப் பிய்த்துக்கொண்டே லோகேந்திரனிடம் கேட்டான்.

"ஆத்தா ஒனக்குத்தானடா வேணாம்னா? எனக்கு ஒன்னும் சொல்லலையே."

லோகேந்திரன் யோசித்தான். நானும் யோசித்தேன். எங்கள் கணக்குப்படி அதில் தப்பில்லை. ஒருத்திக்கு வேண்டாம் என்று பூ வந்த மாப்பிள்ளையை இன்னொருத்திக்குக் கேட்டுச் சிவப்பு வந்து, அவர்கள் நாலு பிள்ளை பெற்று நன்றாக இருக்கிறார்கள். பூ சொல்வது ஆளுக்கும் பொருளுக்கும் உள்ள பொருத்தத்தை. பொருள் கெட்டது என்று அர்த்தமில்லை. எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது. அங்கமுத்துவுக்கு மட்டும் அந்த நேரத்தில் தோன்றாமல் போய்விட்டது.

காந்திமதிக்கு முதலில் மனமில்லை. இருக்கிறது ஒரே பிள்ளை, அதற்கு எதற்கு இந்தப் பேய்வண்டி என்றாள். அவள் தம்பி கார்க் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறேன் என்று வந்து நின்றதும், "சரி, ஆத்தா சொல்லட்டும்" என்று இறங்கி வந்தாள். நேராக அங்கமுத்து வீட்டுக்குப் போய், "அண்ணே, பூவ நீங்கதான் கட்டித் தரணும்" என்று கேட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே கோயில், அதே வெற்றிலை. அங்கமுத்து கர்ப்பக்கிரகத்தின் ஓரம் திரும்பி உட்கார்ந்து பொட்டலம் கட்டினார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பூசாரி, "என்னப்பா, மாலையா கட்டுற?" என்று கூடக் கேட்டார்.

ரிஷி கண்ணை மூடினான். அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இடது பக்கம் எடுத்தான். பிரித்தான். சிவப்பு அரளி.

அவன் போட்ட கூச்சலில் கோயில் புறாவெல்லாம் பறந்தது. காந்திமதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். லோகேந்திரன் அவனைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான். பொறாமை துளி இல்லை அந்தப் பிள்ளைக்கு. அங்கமுத்து அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கார் வந்தது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணி உடைத்து, பூசாரி முன்மூடியில் சந்தனம் தடவினார். ரிஷி என்னையும் ஏற்றிக்கொண்டு தாமானை ஒரு சுற்றுச் சுற்றினான். என் முழங்கால் தாடையில் இடித்தது. "அக்கா, காலு கழட்டணும்னீங்களே, மாட்டியேதானே இருக்கு?" என்று சிரித்தான். வண்டி தெருவில் நுழைந்தால் வீட்டுச் சன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும். காந்திமதி அந்தச் சத்தம் கேட்டுத்தான் அடுப்பில் சோறு வைப்பாள்.

இனி நடந்ததைச் சொல்ல எனக்கே கசக்கிறது. லோகேந்திரன் மோட்டார்சைக்கிளைத் துணி போட்டு மூடிவிட்டு, தினமும் ரிஷியோடு அந்தக் காரிலேயே வேலைக்குப் போக ஆரம்பித்தான். மகன் வாங்கக்கூடாது என்று எதைத் தடுத்தாரோ, அது தினமும் வாசலில் வந்து ஆரன் அடித்து அவனை ஏற்றிக்கொண்டு போயிற்று. அங்கமுத்து ஏறாதே என்றார். பையன் சிரித்தான்.

"ஆத்தா வாங்க வேணாம்னாப்பா. ஏற வேணாம்னு சொல்லலையே."

அங்கமுத்து முதலாளியிடம் ஓடி, வண்டியைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினார். வாங்கின பையன் தரச் சம்மதித்தால் பார்க்கலாம் என்றார் சதாசிவம். ரிஷியிடம் போய், வேறு நல்ல வண்டி மாற்றித் தரச் சொல்கிறேன் என்று பேசிப் பார்த்தார். "பூ குடுத்த காடி அங்கிள், மாத்துனா ஆத்தா கோச்சுக்குவா" என்றுவிட்டான் அவன். மெதுவாகப் போ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வாக்கியம் அவர் வாயில் வரவில்லை.

அப்போதிலிருந்து மனுசன் மாறிப்போனார். மழை இறங்கினால் மற்றவர்கள் சாவியைக் கையில் எடுப்பார்கள், இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்ப்பார். அழைப்பு வந்தால் எங்கே என்று கேட்பதற்கு முன், "என்ன கலரு?" என்று கேட்பார். நீலம் என்றாலோ வெள்ளை என்றாலோ தெம்பாக எழுந்திருப்பார். கூட உட்கார்ந்திருக்கும் லாரிக்காரர் பாலையா, "அண்ணன் பொண்ணு பாக்கப் போறாரு, செவப்பா கருப்பான்னு விசாரிக்கிறாரு" என்று கேலி பண்ணுவார். நாங்களும் சிரிப்போம். சிரித்தோமே என்று இப்போது நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

தீபாவளிக்கு முந்தின வாரம். காலை ஷிப்டு முடிந்து வருகிற நேரம், வானம் கொட்டித் தீர்த்தது. நான் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், தெய்வானை அச்சில் பிழிந்துகொண்டிருந்தாள். ரிஷியும் லோகேந்திரனும் வேலை விட்டு அப்படியே புத்தாடை எடுக்கக் கோலகங்சார் பக்கம் போய்வருகிறோம் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். அங்கமுத்துவின் போன் அடித்தது.

"என்ன கலரு?" என்றார்.

பதிலைக் கேட்டதும் எழுந்தார். லாரி வரை நடந்து போய்க் கதவைத் திறக்கத் தெரியாமல் நின்றார். பாலையாதான் இறங்கி ஓடி, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனார். தெய்வானை அச்சைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எண்ணெயில் முறுக்கு கருகியது.

பாலையா சொன்னார். பெராபிட் மேட்டு வளைவில் தண்ணீர் தேங்கிய இடத்தில் வழுக்கித் தடுப்பில் பக்கவாட்டாக மோதியிருக்கிறது. மற்ற வண்டியாக இருந்தால் நசுங்கியிருக்கும், அவ்வளவுதான். இது இரண்டாகிவிட்டது. பின்பாதி ஓரத்தில் சாய்ந்து நின்றது. முன்பாதி இரண்டு பிள்ளைகளோடு எதிர்ப்பக்கத் தடத்துக்குப் போய்விட்டது. ஓட்டும் பக்கத்தில் ஒரு லாரி வந்து மோதியிருக்கிறது. ரிஷிக்கு அப்போதே உயிர் இல்லை. லோகேந்திரனுக்குத் தோளும் தொடையும் முறிவு. நினைவோடு இருந்தான். அப்பாவைப் பார்த்ததும், "அவன மொதல்ல எடுங்கப்பா" என்றானாம்.

போலீஸ்காரர்கள் அங்கமுத்துவைத் தெரிந்தவர்கள், உன் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போ, வண்டியை வேறு ஆள் எடுக்கட்டும் என்றார்கள். அவர் கேட்கவில்லை. தெய்வானையை நேராக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிப் போன் போட்டுவிட்டு, அவர் கையாலேயே கொக்கி மாட்டினார். முன்பாதியை இழுத்துக்கொண்டு போய்ப் போலீஸ் நிலையத்தில் விட்டுவிட்டு, பின்பாதிக்கு மறுபடியும் வந்தார். இரண்டு நடை. திரும்பி வரும் வழியில் முதலாளி போன் போட்டிருக்கிறார். பாலையா பக்கத்தில் இருந்து கேட்டது. "சாவுன்னு கேள்விப்பட்டேன், பாவம். பின்பாதி எப்படி இருக்கு?"

அன்றைக்குக் குழாயடியில் வாளி வைக்க யாரும் இல்லை. அவரும் குளிக்கவில்லை. அப்படியே காந்திமதி வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். தகரக் கொட்டகை போட ஆள் பிடித்தது, ஐஸ் பெட்டி கொண்டுவந்தது, பாடை கட்டியது எல்லாம் அவர்தான். காந்திமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, அழவும் இல்லை.

ஊர் என்ன பேசியது தெரியுமா? ஆத்தா அன்றைக்கே லோகேந்திரனுக்கு வேண்டாம் என்று சொன்னாள் பார்த்தாயா, அதுதான் ஓட்டுகிற இடத்தில் அவன் இல்லை, உயிர் தப்பினான் என்றது. பூசாரி ஆறுமுகம் வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பூவின் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது, வெள்ளைப் பூ தானாகவே பையன் கைக்கு உருண்டு வந்ததாக ஆகிவிட்டது. தெய்வானை பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்த தாய், அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ரிஷியின் காரியம் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமையே கோயிலில் அடுப்பு மூட்டினாள். கொஞ்சம் பொறு என்று நான் சொன்னேன், கேட்கவில்லை.

சாயங்காலம். பொங்கல் இறக்கி, எல்லாருக்கும் இலையில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். லோகேந்திரன் தோளில் கட்டுடன் சக்கர நாற்காலியில் இருந்தான். ரிஷி போனதிலிருந்து அவன் யாரோடும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அப்போது காந்திமதி வந்தாள். துக்கவீட்டுக்காரி, ஒரு வருடத்துக்குக் கோயில் மிதிக்கக்கூடாது. படிக்கு வெளியே, செருப்பு விடும் இடத்தில் நின்றாள்.

"உள்ள வரல பூசாரி ஐயா. இங்கேருந்தே ஒன்னு கேட்டுட்டுப் போயிடறேன்," என்றாள். குரலில் சண்டையில்லை. "தெய்வான அக்கா மவனுக்கு வேணாம்னு சொன்ன ஆத்தா, எம் மவனுக்கு ஏன் எடுத்துக்கடான்னு சொன்னா? அதே காடிதானே? நான் என்ன கொறை வச்சேன் அவளுக்கு? தெரிஞ்சா சொல்லுங்க. வேற ஒன்னும் வேணாம்."

பூசாரி விதி என்றார், பூர்வ ஜென்மம் என்றார், விபூதித் தட்டை எடுத்தார். காந்திமதி அசையவில்லை. பதில் வாங்காமல் போகிறவளாக அவள் வரவில்லை.

விறகு அடுக்கிக்கொண்டிருந்த அங்கமுத்து எழுந்து படியிறங்கி அவளெதிரே போய் நின்றார். கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"அது ஒட்டுக் காடி, காந்திமதி. ரெண்டு வண்டிய வெட்டி ஒன்னா ஒட்டுனது. பின்பாதி நான் இழுத்துட்டு வந்தது. ஒரு வாத்தியாரு செத்த வண்டி. எனக்குத் தெரியும். மொதல் நாளே தெரியும்."

தெய்வானையின் கையில் இலை அப்படியே நின்றது. லோகேந்திரன் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எம் பையனுக்கு ஆத்தா ஒன்னும் சொல்லல. ரெண்டு பொட்டலத்துலயும் நாந்தான் வெள்ளைய வச்சேன். அவனுக்குப் பூ குடுத்தது நானு. ஒம் பையனுக்குத்தான் ஆத்தா குடுத்தது."

"அன்னைக்கும் நீங்கதானே கட்டுனீங்க?" என்று காந்திமதி மெதுவாகக் கேட்டாள்.

"நாந்தான். அன்னைக்குச் சேப்பு ஒன்னு, வெள்ள ஒன்னு ஒழுங்கா வச்சேன். ரெண்டாந்தடவையும் சாமிய ஏமாத்த பயமா இருந்துச்சு. அவளுக்கும் தெரியுமே, அவளே வேணாம்னுடுவான்னு நெனச்சேன்."

காந்திமதி அவரை அடிப்பாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் அவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் உள்ளே விளக்கு வெளிச்சத்தில் இருந்த அம்மனைப் பார்த்தாள், மறுபடியும் அவரைப் பார்த்தாள்.

"எம் புள்ளைக்கும் ஏமாத்தியிருக்கலாமேண்ணே," என்றாள்.